பெட்டிக்குள் நின்ற கடியாரம்

நெய்வேலி நகரியத்தை ஒட்டினாற்போல் வடக்குத்து என்னும் ஊர் இருக்கிறது. அங்கே வசிக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. "பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்விஸ் கைக்கடியாரம் வாங்கிப் போடலாமென்று உத்தேசம். மூன்று லட்சம் ரூபாய் ஆகிறது. தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டிருந்தார்.

சம்பந்தி வீட்டார் கேட்டார்களா என்று விசாரித்தோம். அவர்கள் வாய் திறக்கவில்லையாம். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கவலைதானாம்! ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்திலிருந்து எடுப்பதாகச் சொன்னார். கடிதத்தில் எழுதித் தீராத விஷயமென்று கருதி, நேரிலேயே புறப்பட்டுப் போனோம்.

மூன்று லட்ச ரூபாய்க் கடியாரத்தைவிட ஐந்நூறு ரூபாய்க் கடியாரம் சரியாக மணி காட்டும் என்று நாம் சொன்னதும் நண்பர் திடுக்கிட்டார். ஆனால் அதுதான் உண்மை. மலிவான கடியாரத்தில் மின்கலத்தின் சக்தியால் ஒரு சிறு படிகக்கல் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அத்தகைய கைக்கடியாரத்தை ஜப்பான் தேசத்து ஸெய்க்கோ கம்பெனியார் 1969-ம் வருஷம் டிசம்பரில் முதன் முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்விட்ஸர்லாந்தின் கடியாரத் தொழிலே அதனால் ஆட்டங்கண்டது. சாவி கொடுக்கும் கடியாரத்திலோ, சுருண்ட வில் ஒன்று மெல்ல மெல்ல விரிகிறது. அந்த வேகத்தை, மயிரிழை போன்ற மற்றொரு சுருளின் துணையால் இப்படியும் அப்படியும் ஆடும் சிறு சக்கரம் அளந்து விடுகிறது. துல்லியமானதென்று ஸ்விஸ் பரிசோதனைச் சாலை வழக்கமாக முத்திரையிடும் கடியாரங்கூட, நாளொன்றுக்கு நான்கு விநாடி பிந்தவோ ஆறு விநாடி முந்தவோ அனுமதி உண்டு.

பின் எதற்காக ஜனங்கள் லட்சம் லட்சமாகக் கொடுக்கிறார்கள்? கைவேலைக்காக, செப்பனிட்டுச் செப்பனிட்டுத் தலைமுறைகள் தாண்டி ஓடவைக்கலாம் என்பதற்காக. பெருமைக்காக என்பதையும் ஒளிப்பானேன்?

பேச்சினிடையே நண்பர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதனுள் எச்.எம்.டி. ஜனதா கடியாரம் ஒன்று, முள் அசையாமல் கிடந்தது. அவருடைய தகப்பனார் சுரங்கத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் அணிந்திருந்ததாம். இராச் ஷிப்டு, பகல் ஷிப்டு என்று எந்நேரம் எழுந்தாலும், முதலில் அதற்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் காபியாம்.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரிப் படிவத்தை முதலில் எட்டியது 1961-ம் வருஷம் ஆகஸ்டில். அதே 1961-ல்தான் ஜப்பானின் ஸிட்டிஸன் கம்பெனியின் உதவியுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கடியாரம் பிறந்தது. நிலக்கரியும் கடியாரமும் நம் தேசத்திலேயே கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட காலம் அது. பத்துக் கோடிக்கும் அதிகமான கடியாரங்கள் செய்த அந்த ஸ்தாபனத்தை மூடிவிட, 2016 ஜனவரியில் மத்திய சர்க்கார் முடிவு செய்தது. ஆனால் சுதேசிக் கடியாரம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. டாட்டா நிறுவனத்தாரும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்து வளர்ந்தது. ஆடும் சக்கரமே ஒரு கூண்டுக்குள் சுழலும் அரிய யந்திரத்தைத் தாமே செய்து, 2025-ல் பத்தே பத்துக் கடியாரங்களை, ஒன்று நாற்பது லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைத்து, அவர்கள் வெளியிட்டார்கள்.

வாங்கத்தான் வேண்டுமென்று தீர்மானித்த நேயர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையிலேயே வாங்குங்கள். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் பத்திரமாயிருக்கட்டும். நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடவேண்டும். அதற்கு என்ன செலவு, எந்த ஊருக்கு அனுப்பவேண்டும் என்பதை வாங்குமுன்பே கேளுங்கள். பழைய எச்.எம்.டி. என்று மலிவாக விற்பவற்றில், முகப்புக்கு மறுபடி வர்ணம் பூசியவை மெத்த உண்டு. தினமும் ஒரே வேளையில் சாவி கொடுங்கள். குமிழ் கெட்டிப்பட்டதும் நிறுத்திவிடுங்கள். தேதி காட்டும் கடியாரமானால், இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலம் மூன்று வரை தேதியைத் திருப்பவேண்டாம், பற்சக்கரம் பழுதாகும். ஒலிபெருக்கி, செல்போன் முதலியவற்றின் காந்தம் அண்டாமல் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் தோல் பட்டையைவிட எஃகுச் சங்கிலியே மேல்.

ஜனதாவை எடுத்துக்கொண்டு நண்பரும் நாமும் கடைத்தெருவில் ஒரு முதிய வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் சென்றோம். அவர் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

"ஐயா, வில் நன்றாயிருக்கிறது. எண்ணெய்தான் காய்ந்து பிசினாகிவிட்டது" என்றார்.

மறுநாள் மாலை கடியாரம் ஓடியது. விநாடிக்கு ஐந்து துடிப்பு. நண்பர் அதைக் காதோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. கூலி சில நூறு ரூபாய்தான்.

ஸ்விஸ் கடியாரம் என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். நண்பர் மாப்பிள்ளைக்கு ஓசூரில் செய்த கடியாரம் ஒன்றைச் சில ஆயிரங்களுக்குள் வாங்கினார். மீதிப் பணம் பெண்ணின் பெயரில் பாங்கியில் இருக்கிறது. ஊரார் ஏதாவது சொல்லியிருக்கலாம். கல்யாணப் பந்தியில் நமக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

காதில் விழுந்தது வேறு. கடையை விட்டு இறங்கும்போது அந்த முதியவர், "எனக்குப் பிறகு இதைத் திறக்க இந்தத் தெருவில் ஆள் இல்லை, ஐயா. பையன் செல்போன் ரிப்பேருக்குப் போய்விட்டான்" என்றார். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படியொரு கடியாரம் நின்றுகிடக்கக்கூடும். அதைத் திறக்கத் தெரிந்த கை ஊரில் இருக்கும்போதே எடுத்துக்கொண்டு போங்கள்.