வெயில் ஊரில் ஐஸ் மைதானம்

உத்தராகண்ட் மாநிலத்தில் டேராடூன் நகரம் உள்ளது. இமயமலை அடிவாரத்து ஊர். ஆனாலும் கோடையில் வெயில் கொளுத்தும். அங்கே ராய்ப்பூர் பகுதியில் மகாராணா பிரதாப் விளையாட்டுக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். விளையாட்டும் கற்கிறார்கள்.

அந்த வளாகத்தில் ஓர் அதிசயம் உண்டு. பெரிய கூரையின் கீழே ஓர் ஐஸ் மைதானம்! தரை முழுவதும் பனிக்கட்டி. அதன் பெயர் ஹிமாத்ரி.

ஐஸ் ஹாக்கி என்றால் என்ன?

ஐஸ் மீது ஆடும் ஹாக்கிதான் அது. அடியில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ் அணிந்து, வழுக்கியபடியே ஆடுவார்கள். ஓர் அணிக்குக் களத்தில் 6 பேர். பந்து கிடையாது. ரப்பர் வில்லை ஒன்றை மட்டையால் அடிப்பார்கள். அதன் எடை சுமார் 170 கிராம்.

வெயில் ஊரில் ஐஸ் எப்படி உறைகிறது?

குளிர்பதனப் பெட்டி வேலை செய்வது போலத்தான். கான்கிரீட் தரைக்குள் வரிசையாகக் குழாய்கள் இருக்கும். அவற்றில் கடுங்குளிரான உப்பு நீரோ, அது போன்ற வேறு திரவமோ ஓடும். உப்பு நீர் எளிதில் உறையாது. அதனால் குழாயில் அடைக்காமல் ஓடிக்கொண்டே தரையைக் குளிர வைக்கும்.

தரைமேல் தண்ணீரை மெல்லத் தெளிப்பார்கள். அது உறைந்ததும் மறுபடி தெளிப்பார்கள். இப்படியே சுமார் 3 செ.மீ. கனத்துக்கு ஐஸ் சேரும். ஆட்டத்தில் அதில் கீறல் விழும். அப்போது ஒரு வண்டி வந்து மேற்பரப்பைச் சுரண்டும். பிறகு வெந்நீர் விடும். வெந்நீர் கீறல்களை இளக்கி, அவற்றோடு ஒட்டி உறையும். தரை கண்ணாடி போல ஆகிவிடும்.

ஏன் மூடினார்கள்?

2011ஆம் ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதற்காகவே இந்த மைதானம் கட்டப்பட்டது. 2012இல் ஆசிய சவால் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டி இங்கே நடந்தது.

பிறகு மைதானம் மூடப்பட்டது. ஐஸ் உருகாமல் இருக்க, இயந்திரம் இரவு பகலாக ஓட வேண்டும். மின்சாரச் செலவு மிக அதிகம். பராமரிப்புச் செலவும் சேர்ந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் மைதானம் சும்மா கிடந்தது.

இழப்பு யாருக்கு?

நம் நாட்டில் ஐஸ் ஹாக்கி ஆடுபவர்களில் பலர் லடாக் பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே குளிர்காலத்தில் குளங்கள் தாமாகவே உறையும். அதற்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் அந்த ஐஸ் இரண்டு, மூன்று மாதமே நிற்கும். மற்ற மாதங்களில் பயிற்சிக்கு இடம் கிடைப்பது கடினமாக இருந்தது. இவ்வளவு குறையிலும் 2025இல் இந்தியப் பெண்கள் அணி மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலப் பதக்கம் வென்றது.

அதே 2025இல் டேராடூன் மைதானத்தைப் பழுது பார்த்து மீண்டும் திறந்தார்கள். ஆகஸ்டு மாதம் ஆசிய அளவிலான ஐஸ் சறுக்குப் போட்டியும் நடந்தது.

கட்டுவது ஒரு முறைச் செலவு. காப்பது தினமும் செலவு. ஊர் நூலகம் ஆனாலும், குடிநீர்த் தொட்டி ஆனாலும் இதே கணக்குத்தான். திறப்பு விழா அன்றே கேட்க வேண்டும்: நாளை முதல் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? பணம் எங்கிருந்து வரும்?