டிராக்டர், கார் எஞ்சின்களைச் சூடேற்றுதலும் தக்க வேகத்தில் ஓட்டுதலும்

விடியற்காலையில் டிராக்டரைக் கிளப்பிக் கொட்டிலில் உறுமவிட்டு, பல் விளக்கிக் காப்பி அருந்தி, ஆட்களுக்கு அன்றைய வேலையைச் சொல்லி முடித்த பின்னரே வயலுக்குப் புறப்படும் வழக்கம் சில நிலச்சுவான்தார்களிடம் உண்டு. எஞ்சின் நன்கு சூடேறிய பிறகே வேலை வாங்கவேண்டுமென்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆயினும் இவ்வழக்கத்தினால் எஞ்சினுக்கு விளைவது நன்மையன்று, டீசலும் வீணாகின்றது.

இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் மசகெண்ணெய் அடித்தொட்டிக்கு வடிந்துவிடுகின்றது. கிளப்பியவுடன் பம்பானது அதனை மேலேற்றிப் பேரிங்குகளுக்கும் வால்வுகளுக்கும் சேர்ப்பிக்கச் சில விநாடிகள் பிடிக்கும். அதற்குள் பலமாக ‘ரேஸ்’ கொடுப்போமாயின், போதிய எண்ணெய்ப் படலமின்றி உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேயும். எண்ணெய் அழுத்தத்தைக் குறிக்கும் விளக்கு அணைந்த பிறகு அரை நிமிஷம் அல்லது ஒரு நிமிஷம் பொறுத்தால் சமவெளி ஜில்லாக்களில் போதுமானது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் உதகமண்டலம் போன்ற இடங்களில் இரண்டு மூன்று நிமிஷம் விடலாம். அதற்கு மேல் நிறுத்தி வைப்பதில் பிரயோஜனமில்லை.

ஏனெனில், பளுவின்றி மெதுவாகச் சுழலும் எஞ்சினில் உஷ்ணம் மிகவும் தாமதமாகவே ஏறும். சிலிண்டர்ச் சுவர் குளிர்ந்திருக்கும்வரை எரிபொருள் முழுவதும் எரிவதில்லை. எரியாத பகுதி சுவரின்மேலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, தொட்டியிலுள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்கின்றது. டீசல் எஞ்சினாயின் கரியும் படியும். மேலும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகின்றது. சூடான எஞ்சினில் இவ்வாவி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும்; குளிர்ந்த எஞ்சினிலோ ஒரு பகுதி உள்ளேயே நீராகத் தங்கி எண்ணெயோடு கலக்கும். அலுவலகத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்திலுள்ள நிலங்களுக்குக் காரிலே சென்று திரும்பும் கிராம அதிகாரிகள் இதனைக் கவனிக்கவேண்டும். தூரம் குறைவாக ஓடினோமே என்று அவர்கள் எண்ணெய் மாற்றும் காலத்தைத் தள்ளிப்போடுவது முற்றிலும் தவறான கணக்கு.

ஆகையால் எஞ்சினைச் சூடேற்றத் தக்க வழி, கிளப்பிச் சற்றுப் பொறுத்து, இலேசான பளுவுடன் நிதானமாக ஓட்டிச் செல்வதேயாம். வயலுக்குப் போகும் வழியே சூடேறுவதற்குரிய நேரம். கியர் பெட்டி, பின் அச்சு இவற்றின் எண்ணெய்கள் வண்டி நகர்ந்தாலன்றி நன்கு சூடாகா. தண்ணீரின் உஷ்ணத்தைக் காட்டும் முள் ஐந்தாறு நிமிஷத்தில் வழக்கமான இடத்திற்கு வந்துவிடக்கூடும். மசகெண்ணெய் அந்நிலையை அடைய அதைப்போல் இரண்டு மடங்கு நேரமாவது ஆகும். முள் ஏறிவிட்டதென்று உடனே முழு வேகம் கொடுத்தலாகாது.

கதவடைத்த கொட்டிலில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்தானது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மயக்கம் வரும்வரை மனிதன் அதனை அறியமாட்டான்.

இனி வேகத்தைப் பற்றி. இலேசான வேலைக்கும் த்ராட்டிலை முழுவதும் தள்ளி வைத்து ஓட்டுவது சிலருடைய பழக்கம். எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல, உள் உராய்வுக்கே அதிக டீசல் செலவாகின்றது. அமெரிக்காவின் நெபிராஸ்கா மாகாணத்தில் 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்து வருகின்றனர். அங்கே பாதிப் பளுவை ஒரு முறை முழு எஞ்சின் வேகத்திலும், மற்றொரு முறை உயர்ந்த கியரில் எஞ்சின் வேகத்தைக் குறைத்து அதே நடையிலும் இழுத்து அளக்கின்றனர். பொதுவாக இரண்டாவது முறையிலேயே டீசல் குறைவாகச் செலவாகின்றது. காலி டிரெய்லர் இழுத்தல், உழுத நிலத்தில் பரம்படித்தல் போன்றவற்றிற்கு இம்முறை மிகவும் ஏற்றது.

ஆனால் இதிலும் அளவு மீறலாகாது. உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிட்டால் பேரிங்குகள் அடிபடும், உஷ்ணமும் மிகும். திணறுகின்றதா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. த்ராட்டிலைச் சற்றுக் கூட்டிப் பார்க்கவேண்டும். எஞ்சின் உடனே வேகம் பிடித்தால் கியர் சரியானதே. வேகம் பிடியாமல் கரும்புகை கக்கினால் உடனே கியரைக் குறைத்தல் வேண்டும்.

ரோட்டவேட்டர், கதிரடிக்கும் யந்திரம் முதலிய பின் தண்டினால் இயங்குங் கருவிகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றிற் பல, தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்றுச் சுற்றுமாறு அமைக்கப்பட்டவை. அதற்குரிய எஞ்சின் வேகம் அநேக டிராக்டர்களில் சுற்றுமானியின் மீதே குறிக்கப்பட்டிருக்கும்.

பெட்ரோல் காருக்குச் சமதரையில் கடைசிக் கியரில் நிமிஷத்திற்குச் சுமார் 2,000 முதல் 2,500 சுற்று சௌகரியமானது. மேட்டில் 1,500க்குக் கீழ் இறங்கவிடாமல் முன்னதாகவே கியரை மாற்றவேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகின்றது. அதை வெல்வதற்கான பெட்ரோலும் நம் பணத்திலிருந்தே போகின்றது.

டர்போ பொருத்திய எஞ்சினைக் கடினமான வேலை முடிந்தவுடன் சட்டென்று அணைத்தல் கூடாது. டர்போவின் சக்கரம் மிக்க சூட்டுடன் வெகு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் நிலையில் எண்ணெய் வரத்து நின்றுபோனால், அதன் பேரிங்கிலுள்ள எண்ணெய் கருகிக் கட்டிவிடும். காலையில் வீணாக்கும் நிமிஷங்களில் இரண்டு மூன்றை மாலையில் அணைப்பதற்குமுன் கொடுத்து, மெதுவாக ஓடவிட்டுச் சூடு தணிந்தபின் நிறுத்தவேண்டும்.