தனியார் பள்ளியில் தமிழுக்கோர் இடம்

தொழிலின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ பிற மாநிலம் செல்லும் தமிழ்க் குடும்பத்தார் அங்கே முதலில் தேடுவன இரண்டு. ஒன்று குடியிருக்க வீடு. மற்றொன்று பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளிக்கூடம். வீடு பிடிக்காவிடின் அடுத்த மாதமே வேறு வீடு பார்க்கலாம். பள்ளியை அவ்வாறு மாற்றுதல் எளிதன்று. அதிலும் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள இடைநிலைக் கல்வி, பிள்ளையின் பிற்கால வாழ்வுக்கு வழி வகுப்பது. ஆதலின், தமிழர் பல தலைமுறைகளாக வாழும் திருவனந்தபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அங்குள்ள தனியார் உயர்நிலைப் பள்ளிகளின் இயல்பையும், அவற்றில் தாய்மொழிக்குள்ள இடத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

அந்நகரின் ஆங்கிலக் கல்வி ஒரு தனி மனிதரின் முயற்சியில் தோன்றியது என்பது பலர் அறியாத செய்தி. நாகர்கோவிலில் ஆசிரியப் பணி புரிந்த ஜான் ராபர்ட்ஸ் என்பவர், மன்னர் சுவாதித் திருநாளின் ஆதரவுடன் 1834ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசே அதனை ஏற்று, கட்டணமின்றிக் கற்பிக்கும் பள்ளியாக நடத்திற்று. 1866இல் கல்லூரியாக உயர்ந்த அதுவே இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி. கிறித்தவத் துறவியர் பெண்களுக்கென நிறுவிய ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளி 1880இலும், இயேசு சபையாரின் லயோலாப் பள்ளி 1961இல் ஸ்ரீகாரியத்திலும் தோன்றின. தனியார் முயற்சியும் அரசின் ஆதரவும் கைகோத்து நடந்ததே அந்நகரின் கல்வி வரலாறு.

இன்றும் கேரளத்தில் 'தனியார் பள்ளி' என்னும் ஒரு பெயரால் இருவேறு பள்ளிகள் குறிக்கப்படுகின்றன. முதல் வகை, அரசின் உதவி பெறும் பள்ளி. மக்கள் வழக்கில் 'எய்டட்' பள்ளி. இங்கே ஆசிரியரை நியமிப்பவர் நிர்வாகி. சம்பளம் தருவது அரசு. அரசின் பாடத்திட்டமே நடைபெறும். எட்டாம் வகுப்பு வரை மதிய உணவும் உண்டு. இரண்டாம் வகை, உதவி பெறாத பள்ளி. இது கட்டணத்தைக் கொண்டே நடப்பது. பெரும்பாலும் ஆங்கில வழிக் கல்வியையும், மத்திய வாரியம் போன்ற வேறு வாரியங்களின் பாடத்திட்டத்தையும் மேற்கொள்வது. முதல் வகைப் பள்ளிகளை ஒழுங்குபடுத்தவே கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி 1957இல் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அது உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை குறித்து 1958இல் அம்மன்றம் கூறிய கருத்து இந்தியா முழுமைக்கும் வழிகாட்டியாயிற்று. மும்பையிலோ தில்லியிலோ தமிழர் சங்கம் அமைத்துப் பள்ளி நடத்துகிறார்களெனில், அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு அவர்களுக்கும் அரணாக நிற்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

இனி மாணவர் வாழ்வைக் காண்போம். பருவமழையும் பள்ளி ஆண்டும் ஜூன் மாதத்தில் ஏறத்தாழ ஒருங்கே தொடங்கும். புத்தகப் பையைப் போலவே குடையும் மாணவனுக்கு இன்றியமையாத துணை. அரசுப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஓணத்திற்கு முன் ஒரு தேர்வு, கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு தேர்வு, மார்ச்சில் ஆண்டுத் தேர்வு என ஆண்டு மூன்றாகப் பகுக்கப்படும். 1957இல் தொடங்கிய மாநிலப் பள்ளிக் கலைவிழாவுக்காக ஆட்டமும் பாட்டும் நாடகமும் மாதக்கணக்கில் பயிற்றப்படும். அவ்விழாவில் தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தற்கும் போட்டி உண்டென்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. 2010இல் தோன்றிய மாணவர் காவற்படை இன்று பல பள்ளிகளில் இயங்குகிறது. பாடப் புத்தகத்திற்கு வெளியேயும் கல்வி உண்டென்பதை அங்குள்ள பள்ளிகள் நன்கு உணர்ந்துள்ளன.

இவ்வளவு சிறப்புகளுக்கிடையே தமிழ்ப் பிள்ளையின் நிலை யாது? 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே மொழிச் சிறுபான்மையினர் ஆயின. சாலையில் அரசின் தமிழ்ப் பள்ளி ஒன்று உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழை முதல் மொழிப் பாடமாகக் கொள்ளவும் வழியுண்டு. ஆயின் கற்பிக்க ஆசிரியரும் கற்க மாணவரும் உள்ள பள்ளியிலன்றோ அவ்வழி பயன்படும்? உதவி பெறாத ஆங்கிலப் பள்ளியில் ஆங்கிலம், மலையாளம், இந்தி ஆகிய மூன்றும் அமர்ந்தபின் நான்காவதாகத் தமிழுக்கு நாற்காலி கிடைப்பது அரிது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அம்மாநிலப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். வாழும் நாட்டின் மொழியைக் கற்றல் முறையே; அதனை நாம் குறை கூறுவதற்கில்லை. அதனோடு தாய்மொழிக்கும் இடம் தேடுவதே நம் கடமை.

சட்டம் இவ்விடத்தில் எவ்வளவு தூரம் துணை வரும் என்பதை அறிதல் வேண்டும். 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழிக் கல்வி அளிக்குமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால் தொடக்கக் கல்வி அளவில் மட்டுமே. பள்ளியில் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ இருப்பின் தொடக்கநிலையில் ஆசிரியரை அமர்த்தலாம் என்பது 1949இல் வகுத்த நெறி. இடைநிலையில் அத்தகைய அரசியல் சட்டப் பிரிவு இல்லை. அங்கே ஏற்பாடுகள் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் சார்ந்தன. ஆகவே, பிள்ளை தாய்மொழியின் எழுத்தைக் கற்று இலக்கியத்தின் வாயிலை அடையும் பருவத்தில் சட்டத்தின் கை தளர்கிறது. பெற்றோரின் கையே பற்ற வேண்டியுள்ளது.

பள்ளியில் ஒரு பாடத்தின் கதவு மூடியிருப்பது வாழ்வையே திசை திருப்பக்கூடும். ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளியில் பயின்ற மேரி பூணன் லூக்கோஸ் அம்மையாருக்குப் பெண் என்ற காரணத்தால் அந்நகர்க் கல்லூரியில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டது. அவர் வரலாறு பயின்று 1909இல் பட்டம் பெற்றார். பின் இலண்டன் சென்று மருத்துவம் கற்றார். 1938இல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியானார். மூடிய கதவைச் சுற்றிக் கடல் கடந்து செல்லும் வசதி எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் 1592இல் பிறந்த கொமேனியுஸ் என்னும் கல்வியறிஞர், இலத்தீனே கல்வியெனக் கருதப்பட்ட காலத்தில், 6 முதல் 12 வயது வரை தாய்மொழிப் பள்ளியே வேண்டும் என வற்புறுத்தினார். 1658இல் வெளியான அவரது படப் புத்தகத்தில் ஒவ்வொரு படத்திற்கும் இலத்தீனும் செருமானியமும் அருகருகே நின்றன. அறிந்த மொழியைக் கைப்பிடித்துக்கொண்டே அறியாத மொழிக்குள் செல்லலாம் என்பது அவர் காட்டிய நெறி.

ஆகவே பள்ளி தேடும் பெற்றோர் கட்டணத்தையும் கட்டடத்தையும் மட்டும் வினவி அமைதல் போதாது. பள்ளி எவ்வகையது, எந்த வாரியத்தைச் சார்ந்தது, தமிழ் பாடமாக உண்டா, இல்லையெனில் எத்தனை மாணவர் சேர்ந்தால் ஆசிரியரை அமர்த்துவர் என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். தனித்து நிற்கும் குடும்பம் கேட்டால் விண்ணப்பம். பதினைந்து குடும்பங்கள் கூடிக் கேட்டால் அது ஒரு வகுப்பு. அதுவும் இயலாதெனின், வாரத்தில் இரு மாலைகள் வீட்டுத் திண்ணையோ சங்கத்தின் கூடமோ தமிழ் வகுப்பாகட்டும். ஊரிலிருக்கும் பாட்டி எழுதும் கடிதத்தைப் பேரப்பிள்ளை தானே படித்து, தன் கையெழுத்தில் விடை எழுதும் அளவுக்கேனும் தமிழ் தங்குமாயின், அப்பிள்ளை எந்த மாநிலத்தில் எந்தப் பள்ளியில் பயின்றாலும் நமக்குக் கவலையில்லை.