மேல்நோக்கிய நகர்வு (பொறியியல் கலந்தாய்வு)

மேல்நோக்கிய நகர்வு என்பது தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கைக் கலந்தாய்வில், தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைவிட மேலான விருப்பம் கிடைக்குமா எனக் காத்திருக்க மாணவருக்கு அளிக்கப்படும் வாய்ப்பு ஆகும். மாணவர் இதனை "அப்வேர்டு" என்றே பெரிதும் வழங்குவர். இடம் உறுதியாகாத இந்த இடைக்காலத்தில் எடுக்கப்படும் முடிவு, சேரும் கல்லூரியை மட்டுமன்றிக் கல்விக் கட்டணச் சலுகைகளையும் பாதிக்கக்கூடியது.

வரலாறு

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு நடத்தப்பட்டது. 1997 இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையிலான கலந்தாய்வைத் தொடங்கியது. 2007 முதல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களே அடிப்படையாயின. மாணவர் நேரில் சென்று இடம் தேர்ந்த முறை மாறி, 2018 இல் பொதுக் கலந்தாய்வு இணையவழிக்கு வந்தது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதனை நடத்தி வருகிறது. இடத்தைப் பெற்றும் சேராதோரால் ஏற்படும் வெற்றிடங்களை அதே சுற்றில் நிரப்ப மேல்நோக்கிய நகர்வு உதவுகிறது.

தரவரிசை

கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண் "கட்-ஆப்" எனப்படுகிறது. இதன்படி தரவரிசைப் பட்டியல் வெளியிடப்பட்டு, மாணவர் பல சுற்றுகளாக அழைக்கப்படுகின்றனர். ஒவ்வொருவரும் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிவு செய்தல் வேண்டும். தரவரிசை, 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடு, விருப்ப வரிசை ஆகியவற்றைக் கொண்டு தற்காலிக ஒதுக்கீடு செய்யப்படுகிறது.

ஐந்து தெரிவுகள்

தற்காலிக ஒதுக்கீடு பெற்றவர் குறித்த காலத்திற்குள் பின்வருவனவற்றுள் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும்.

1. ஏற்றுக்கொண்டு சேர்தல்
2. ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வுக்குக் காத்திருத்தல்
3. மறுத்து மேல்நோக்கிய நகர்வுக்கு மட்டும் காத்திருத்தல்
4. மறுத்து அடுத்த சுற்றுக்குச் செல்லுதல்
5. மறுத்துக் கலந்தாய்விலிருந்து விலகுதல்

இரண்டாம் தெரிவில் கையிலுள்ள இடம் பாதுகாக்கப்படுகிறது. மூன்றாம், நான்காம் தெரிவுகளில் அவ்விடம் உடனே பிறருக்குச் சென்றுவிடும். காலத்திற்குள் எதையும் தெரிவிக்காதவரும், தெரிவித்தபின் கட்டணம் செலுத்தாதவரும் ஒதுக்கீட்டை இழப்பர்.

செயற்படும் விதம்

விருதுநகர் மாவட்டத்தின் ஆனைக்குட்டத்தைச் சேர்ந்த ஒரு மாணவி, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியை முதலிலும், சிவகாசி மெப்கோ சிலெங்க் பொறியியல் கல்லூரியை இரண்டாவதிலும், விருதுநகரை அடுத்த காமராசர் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரியை மூன்றாவதிலும் பதிந்துள்ளார் எனக் கொள்வோம். அவருக்கு மூன்றாவது விருப்பம் ஒதுக்கப்படுகிறது. அவர் இரண்டாம் தெரிவைக் கொண்டால், முதல் இரண்டு விருப்பங்கள் மட்டுமே மேல்நோக்கிய நகர்வில் கருதப்படும். மூன்றாவதற்குக் கீழுள்ளவை கருதப்படமாட்டா.

தரவரிசையில் அவருக்கு முன்னுள்ளோர் இடத்தை மறுப்பதாலோ சேராமையாலோ மேலான விருப்பத்தில் வெற்றிடம் ஏற்பட்டு, அது அவர்வரை வந்தால் அவருக்கு வழங்கப்படும். அவ்வாறு வழங்கப்பட்டவுடன் முந்தைய இடம் தானே நீங்கிவிடும். பழைய இடமே போதும் எனப் பின்னர்த் திரும்ப இயலாது. எனவே விடுதிச் செலவைத் தாங்க இயலாத குடும்பத்தினர் தொலைவிலுள்ள கல்லூரியை வெறும் பெயருக்காக மேலே பதிவது இடர் தரும். சேர விரும்பும் ஒழுங்கே விருப்ப வரிசையாக இருத்தல் வேண்டும்.

இடம் கிடைக்காதபோது

ஒரு சுற்றில் ஒதுக்கீடு கிடைக்காமை நிராகரிப்பு அன்று. அம்மாணவர் அடுத்த சுற்றிலும், அதிலும் கிடைக்காவிடில் துணைக் கலந்தாய்விலும் பங்கேற்கலாம். துணைத் தேர்வில் தேறியோரும் துணைக் கலந்தாய்வில் கலந்துகொள்வர். விருப்பங்களை மிகக் குறைவாகப் பதிவதும், தமது கட்-ஆப்பிற்கு எட்டாதவற்றை மட்டும் பதிவதும் இடம் கிடைக்காமைக்குப் பொதுவான காரணங்களாகும். முந்தைய ஆண்டில் அந்தந்தப் பிரிவில் இடம் பெற்ற இறுதி மதிப்பெண்ணை ஒப்பிட்டு, எட்டக்கூடிய விருப்பங்களையும் சேர்த்தல் பயனுடையது.

நிர்வாக ஒதுக்கீடும் சலுகைகளும்

காத்திருக்கும் நாட்களில் அச்சத்தால் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்வதுண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளர முறையில் சேர்வோருக்கே உரியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை பயின்றோருக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு பொறியியலுக்கு 2021 இல் சட்டமானது. இதன்வழிச் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர் இவ்விரு பயன்களையும் இழப்பர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பியுள்ள குடும்பங்களில் இவ்வேறுபாடு படிப்பைத் தொடர்வதா விடுவதா என்பதையே தீர்மானிக்கக்கூடும்.

வேறு கல்லூரியில் முன்னரே சேர்ந்தவர், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி நிறுத்திவைக்கக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் அறிவித்துள்ளதைக் கருத்திற்கொள்ளலாம். உரிய இறுதி நாளுக்குள் விலகுவோருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பதும் விதியாகும்.

மாற்று வழிகள்

கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்துகொண்டே பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருப்போர் உளர். பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் பெற்றவர், பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஓராண்டு தவறியதாகக் கருதி வீட்டிலிருப்பதினும் இவ்வழிகள் சிறந்தனவாகும்.

பிற நாடுகளில்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் நவம்பரில் முன்கூட்டி விண்ணப்பித்தோருக்கு டிசம்பரில் முடிவு அறிவிக்கப்படுகிறது. ஏற்பு, மறுப்பு ஆகியவற்றோடு ஒத்திவைப்பு என்னும் மூன்றாம் முடிவும் உண்டு. ஒத்திவைக்கப்பட்ட விண்ணப்பம் பொது விண்ணப்பங்களோடு மீண்டும் ஆராயப்படும். கல்லூரி இசைந்தால் புதிய மதிப்பெண்களையும் தொடர்ந்த ஆர்வத்தையும் கடிதம் வாயிலாகத் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டு முறையில் கடிதத்திற்கு இடமில்லை. தரவரிசை மாறாதது. விருப்ப வரிசையும், ஒதுக்கீட்டிற்கு அளிக்கும் விடையும் மட்டுமே மாணவரின் கையில் உள்ளன.

நாட்களும் கட்டண விவரங்களும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அவ்வாண்டிற்குரிய தகவல் கையேட்டையும் அருகிலுள்ள பொறியியல் சேர்க்கைச் சேவை மையத்தையும் அணுகி அவற்றை அறிந்துகொள்ளலாம்.