குளிர்விக்கும் கடல் நீரே அரிக்கவும் செய்யும்

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காற்று ஓய்ந்து, நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் இழுக்கும்போது அதைக் காப்பது உள்ளே பொருத்திய சிறு டீசல் எஞ்சின்தான். அந்த நேரம் பார்த்து அது சூடேறி நின்றுவிட்டால்?

எரியும் டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி எஞ்சினின் உலோகத்தில் இறங்குகிறது. ஆகவே 20 கிலோவாட் எஞ்சினிலிருந்து நொடிக்குச் சுமார் 20 கிலோஜூல் வெப்பத்தை நீர் அகற்றியாக வேண்டும். ஒரு கிலோகிராம் கடல் நீரை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 4 கிலோஜூல் தேவை. நீர் 20 டிகிரி சூடேறி வெளியேறுவதாகக் கொண்டால் நிமிடத்துக்கு 15 லிட்டர் பாய வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இந்நீரை இழுத்துத் தருவது பம்பினுள் சுழலும் ரப்பர் சக்கரம். அதற்கு நீர்தான் மசகு. பாசியோ பிளாஸ்டிக் பையோ குழாயை அடைத்து, பம்ப் வறண்டு ஓடினால், சில நிமிடங்களில் சக்கரத்தின் இதழ்கள் பிய்ந்துவிடும். புதுச் சக்கரம் மாட்டினால் மட்டும் போதாது. எத்தனை இதழ்கள் குறைகின்றன என்று எண்ணி, அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். இல்லையேல் அவை மேலே போய் நீரின் வழியை அடைக்கும்.

சில எஞ்சின்களில் கடல் நீர் நேரே எஞ்சினுக்குள் பாய்கிறது. அவற்றைச் சுமார் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற விடுவதில்லை. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோ சூடேற ஏறப் படியத் தொடங்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் வெண்படலம் போன்றதே இது. வெப்பம் அதன் வழியே எளிதில் கடக்காது. ஆகையால் மற்ற எஞ்சின்களில் நன்னீர் எஞ்சினைச் சுற்றி வருகிறது. கடல் நீர் வெப்பமாற்றி என்னும் குழாய்க் கொத்தில் அந்நன்னீரைக் குளிர்விப்பதோடு சரி.

அரிப்போ இரண்டிலும் உண்டு. செம்பும் இரும்பும் உப்பு நீரில் சேர்ந்தால் அது ஒரு மின்கலமே. எனவே நீரோடும் வழியில் ஒரு துத்தநாகக் கோலைத் திருகி வைக்கிறார்கள். துத்தநாகம் முந்திக்கொண்டு கரைய, மற்ற உலோகங்கள் தப்புகின்றன. 1824இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்கச் சொன்ன வழி இது. செம்பு தப்பியது, ஆனால் கரையும் செம்பின் நஞ்சு இல்லாமற்போகவே, பாசியும் சிப்பிகளும் கப்பலடியில் தாராளமாகக் குடியேறின! கடற்படை அத்திட்டத்தைக் கைவிட்டது. எஞ்சினுக்குள் அந்தத் தொல்லை இல்லை.

கோல் பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். பல மாதம் ஓடிய பின்னும் அது புதிது போலவே இருந்தால் மகிழாதீர்கள். திருகிய இடத்தில் துருவோ பெயிண்டோ புகுந்து மின்தொடர்பை அறுத்திருக்கலாம். அப்படியானால் கரைந்துகொண்டிருப்பது வெப்பமாற்றிதான். மறைகளைச் சுரண்டித் துடைத்து மீண்டும் திருகுங்கள்.