எந்த லாங்வேஜ் படித்தால் வேலை கிடைக்கும்?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம் ஆனதும் பெரும்பாலான பெற்றோருக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. "பையன் ஜாவா படிக்கட்டுமா, பைத்தான் படிக்கட்டுமா? எதில் சீக்கிரம் வேலை கிடைக்கும்?" நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ரயில் நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் இரண்டு பேராவது இதைக் கேட்டுவிடுவார்கள். பயிற்சி மையங்களில் கோர்ஸ் கட்டணம் ஆயிரக்கணக்கில் இருப்பதால், ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. இங்கே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் லாங்வேஜ் என்றால் என்ன? உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பிராசஸருக்கு 0, 1 என்ற இரண்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நம்மால் அந்த மொழியில் எழுதிக்கொண்டிருக்க முடியாது. எனவே நமக்கும் புரிந்து, பிராசஸருக்கும் மாற்றிக் கொடுக்கக்கூடிய ஓர் இடைமொழி தேவைப்படுகிறது. சி, ஜாவா, பைத்தான் எல்லாம் இப்படிப்பட்டவைதான். மாற்றித் தரும் சாப்ட்வேரில் இரண்டு வகை உண்டு. ஒரு புத்தகம் முழுவதையும் மொழிபெயர்த்துவிட்டுக் கையில் கொடுப்பது போன்றது கம்பைலர். கூட்டங்களில் ஆங்கிலத்தில் பேசுபவரின் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்வார்களே, அது போன்றது இன்டர்பிரட்டர். சி முதல் வகை. பைத்தானை இரண்டாவது வகையில் சேர்ப்பது வழக்கம். ஜாவா இரண்டும் கலந்தது.

"ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால்தானே புரோகிராம் எழுத முடியும்?" என்று கேட்பவர்களுக்கு நான் எழில் என்ற லாங்வேஜைக் காட்டுவேன். முத்தையா அண்ணாமலை என்ற பொறியாளர் உருவாக்கியது. 2009-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். அதில் எழுதிய சிறு புரோகிராம் இது:

மதிப்பெண் = 42
@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் எழுதவும்"
முடி

இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று. உலகத்தில் உள்ள லாங்வேஜ்களில் பெரும்பாலானவற்றில் இதே வேலையை வேறு சொற்களில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். எழில் தெரியும் என்று சொன்னால் எந்தக் கம்பெனியிலும் வேலை தரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் 'ஆனால்', 'இல்லை' பிடிபட்டுவிட்ட பிள்ளைக்குப் பைத்தானுக்கு மாற அதிக நாள் ஆகாது. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பல இன்ஜினியர்களுக்கே தெரியாது!

கோபால் சொல்லும் கதை

பெயரைப் பார்த்து ஆள் என்று நினைக்க வேண்டாம். கோபால் என்பது 1959-இல் அமெரிக்காவில் வடிவமைக்கத் தொடங்கிய லாங்வேஜ். வங்கி, இன்சூரன்ஸ், அரசு அலுவலகக் கணக்குகளுக்காக உருவானது. அந்தக் காலத்தில் மெமரி விலை மிக அதிகம். எனவே ஆண்டை நான்கு இலக்கமாக எழுதாமல், 1962 என்றால் 62 என்று மட்டும் சேமித்தார்கள். 2000 வந்தால் அது 00 ஆகிவிடும். 1962-இல் பிறந்தவரின் வயதைக் கணக்கிட 00-இலிருந்து 62-ஐக் கழித்தால் என்ன வரும்? இதுதான் ஒய்2கே பிரச்னை. இதைச் சரிசெய்யும் வேலை 1990-களின் கடைசியில் இந்திய நிறுவனங்களுக்குப் பெருமளவில் வந்தது. கோபால் தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி. 2000 ஜனவரி பிறந்தது, அந்த வேலையும் முடிந்தது.

கோபால் செத்துவிட்டதா என்றால், இல்லை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கால் வேலையிழந்தவர்கள் உதவித்தொகைக்குக் குவிந்தபோது, நியூஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்பி கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அந்தக் கணக்கெல்லாம் பழைய மெயின்பிரேம் கம்ப்யூட்டர்களில் கோபாலில்தான் ஓடிக்கொண்டிருந்தன. 1972 வாக்கில் பிறந்த சி-யும் அப்படித்தான். இன்று எல்லோரும் கொண்டாடும் பைத்தானின் முக்கியப் பதிப்பே சி-யில் எழுதப்பட்டது. ஜாவா 1995-இல் வந்தது. அதை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸை 2010-இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. கம்பெனி போனாலும் லாங்வேஜ் இருக்கிறது. ஆக, ஒரு லாங்வேஜின் கிராக்கி ஏறுவதும் இறங்குவதும் ஒரு கதை, அதன் ஆயுள் வேறு கதை.

எங்கள் பக்கத்துப் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை எடுத்து விறகு வெட்டமாட்டார்கள். லாங்வேஜும் அப்படித்தான். போன் ஆப் என்றால் ஒன்று, வங்கிக் கணக்கு என்றால் ஒன்று.

கம்பெனிக்குள் என்ன நடக்கிறது?

இதைப் பயிற்சி மைய விளம்பரங்களில் போடமாட்டார்கள். சர்வீஸ் கம்பெனியில் லாங்வேஜைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, கிளையன்ட். நான் கல்லூரியில் படித்தது சி. சேர்ந்ததும் மூன்று மாதம் ஜாவா பயிற்சி கொடுத்தார்கள். பிறகு போட்ட புராஜெக்ட்டில் ஜாவாவே இல்லை. நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது யாரோ எழுதிய டேட்டாபேஸ் புரோகிராம்களைப் பராமரிக்கும் வேலை. நாள் முழுவதும் புதிதாகப் புரோகிராம் எழுதுவோம் என்ற கனவோடு போனால் ஏமாற்றம்தான். எழுதுவதைவிட, பிறர் எழுதியதைப் படித்து எங்கே கோளாறு என்று தேடும் நேரமே அதிகம். மீதி மீட்டிங்.

புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பதை 'பெஞ்ச்' என்பார்கள். சம்பளம் வரும், தூக்கம் வராது. முதல் கம்பெனியில் நான் பெஞ்சில் இருந்தபோது, மூன்று வாரத்தில் இன்னொரு லாங்வேஜ் படித்துத் தேர்வு எழுதச் சொன்னார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் தாக்குப்பிடித்தவர்கள், பல லாங்வேஜ் தெரிந்தவர்கள் அல்ல. ஒன்றை அடிப்படையோடு கற்றவர்கள்தான். அமெரிக்க கிளையன்ட் என்றால் நேரமும் மாறும். நியூயார்க்கில் காலை 10 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போதுதான் நமக்கு மீட்டிங் தொடங்கும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிறதே, இனி எதற்குப் படிப்பது? நானும் அதைப் பயன்படுத்துகிறேன். பத்து வரி கேட்டால் நொடியில் தருகிறது. அந்தப் பத்து வரியில் எட்டாவது வரி தவறு என்று கண்டுபிடிக்க, படிக்கத் தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது. ஆனால் வெறும் சின்டாக்ஸ் மனப்பாடம் செய்து வேலைக்குப் போன காலம் முடிந்தது என்றே நினைக்கிறேன்.

எங்கே தொடங்குவது?

காசு கட்டுவதற்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பைத்தானை இலவசமாக இறக்கி நிறுவுங்கள். அதோடு ஐடில் என்ற எழுதும் பலகையும் வரும். உங்கள் வீட்டு மின் கட்டணத்தைக் கணக்கிடும் புரோகிராமைப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். யூனிட் கூடக் கூட ரேட் மாறும் அல்லவா, நான் மேலே சொன்ன 'ஆனால்', 'இல்லை' முழுவதும் அதற்குள் வந்துவிடும். விடை ரசீதோடு ஒத்துப்போகும்வரை விடாமல் உட்கார்ந்தால், கோர்ஸில் சேர்க்கலாம். இரண்டே நாளில் சலித்துவிட்டால் உங்கள் பணம் மிச்சம். அடுத்ததாக எஸ்க்யூஎல் படிப்பது நல்லது. டேட்டாபேஸ் இல்லாத கம்பெனியை நான் பார்த்ததில்லை.

வேலைக்குச் சென்னைதான் போக வேண்டும் என்ற நிலையும் மெல்ல மாறி வருகிறது. ஜோஹோ 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி தரும் பள்ளியையும் அது நடத்துகிறது. தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. விசாரித்து வையுங்கள்.

வேலை கிடைத்து ஆபர் லெட்டர் கைக்கு வந்தால், எல்லோரும் முதலில் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். 'நோட்டீஸ் பீரியட்' என்ற வரியையும் படியுங்கள். பல கம்பெனிகளில் அது 90 நாள். வேறு வேலை கிடைத்தாலும் மூன்று மாதம் கழித்துத்தான் விடுவார்கள் என்று அர்த்தம். பாண்டு என்று ஏதாவது இருந்தால், எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.