நன்கொடை நூல்களும் நமது ஆங்கில வகுப்பும்

பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களைச் சாக்குப்பையில் கட்டிப் பள்ளிக்கு அனுப்பி வைக்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உள்ளனர். "இந்தப் பழைய புத்தகங்களால் வகுப்பிலே என்ன பிரயோஜனம், டீச்சர்?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் வினவினார். அவசரத்தில், "ரொம்பப் பிரயோஜனம் அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நூலுக்கு இடமளிப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்றைய திருநெல்வேலி ஆட்சியர் பென்னிங்டன் பெயரால் அமைந்த நூலகம் 1875ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இராஜபாளையத்திலோ, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்த பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்கள், தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். விருதுநகர் தந்த பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராய் இருந்த நாளில், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் பலகை, பெஞ்சு, மணி, கரும்பலகை, புத்தகம் என்று கையில் உள்ளதைக் கொண்டுவந்து குவித்தனர். உங்கள் சாக்குப்பை அந்த வரிசையில் வருவதுதான்.

நிற்க. ஆங்கில வகுப்புக்கு வருவோம்.

தமிழில் எழுத்தைக் கற்றுக்கொண்ட குழந்தை எந்தச் சொல்லையும் வாசித்துவிடும். ஆங்கிலத்தில் அது நடவாது. பி-யு-டி 'பட்' என்று ஒரு சொல். பி-யு-டி 'புட்' என்று இன்னொரு சொல். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் வேடிக்கையையும் பாருங்கள்! ஆறாம் வகுப்புப் பெண் திணறுவதற்குக் கேட்பானேன்.) 'நைஃப்' என்னும் சொல்லின் முன்னே 'கே' என்ற எழுத்து ஒலியின்றி நிற்கிறது. இவற்றை விதி சொல்லி விளங்கவைக்க முடியாது. கண் பழக வேண்டும். பாடநூலிலோ ஒரு சொல் ஒரு பாடத்தில் வந்து, பயிற்சியில் ஒருமுறை தலைகாட்டி மறைந்துவிடும். இருபது பக்கக் கதைப் புத்தகத்தில் அதே சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும்; பக்கத்திலே படமும் இருக்கும். பரீட்சை பயம் இல்லாததால் குழந்தை அச்சமின்றித் தவறாக வாசிக்கும், பிறகு தானே திருத்திக்கொள்ளும். நன்கொடை நூலின் முதற்பயன் இதுவே. வீட்டில் ஆங்கிலம் பேசுவார் இல்லாத, தாயும் தந்தையும் மில்லில் ஷிப்டு பார்க்கும் பெண்ணுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

இதையெல்லாம் அறிந்திருந்தும் நான் செய்த காரியம் என்ன? முதன்முதலாக எனக்குக் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களை எண்ணிட்டு, அலமாரியில் அடுக்கி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தொலைந்துவிடுமே என்ற கவலை. இரண்டு பருவம் கழித்துத் திறந்தபோது இராமபாணப் பூச்சிகள் என் மாணவியரை முந்திக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை 'படித்து' முடித்திருந்தன! மேலை நாடுகளில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பலகையோடு பிணைத்து வைத்திருந்தார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட தமது ஐந்து விதிகளில், நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பதை முதலாவதாக வைத்தது காரணமின்றி அன்று.

பூட்டைத் திறந்தேன், ஆனால் அபராதம் வைத்தேன். அதுவும் தவறாயிற்று. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் அவளுடைய ஆச்சி கையைப் பிடித்து அழைத்து வந்தார். தம்பி புத்தகத்தைக் கிழித்துவிட்டானாம். அபராதத்துக்குக் காசு கேட்க அஞ்சி, பள்ளிக்கு வர மறுத்திருக்கிறாள். ஒரு பழைய கதைப் புத்தகத்துக்காக ஒரு குழந்தையின் இரண்டு நாள் படிப்பு போயிற்று. அன்றோடு அபராதம் ஒழிந்தது. கிழித்தவர் ஒட்ட வேண்டும் என்பதே இன்றுவரை எங்கள் வகுப்புச் சட்டம்.

ஒட்டுவதற்கு நம் ஊரில் பொருளுக்குப் பஞ்சமில்லை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி, புண்ணுக்கு மட்டுமன்று, முதுகு பிய்ந்த புத்தகத்துக்கும் கட்டுப்போட ஏற்றது. அதன் இடைவெளிகளில் பசை ஊறிப் பிடித்துக்கொள்ளும். மைதாப் பசையில் மயில்துத்தம் சிறிது கலந்தால் பூச்சி அண்டாது. அது நஞ்சு என்பதால் பசை காய்ச்சுவது மட்டும் என் வேலை. சிவகாசி அச்சகங்களில் வண்ணம் பிசகிக் கழித்த காலண்டர் தாள்களைச் சில பெற்றோர் கட்டுக்கட்டாய்க் கொண்டுவந்து தருகின்றனர். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். கடையில் சார்ட் தாள் வாங்கியே நாளாயிற்று. காலித் தீப்பெட்டிகள் இருபத்தாறு இருந்தால் போதும், எழுத்துக்கு ஒன்றாக அட்டைத் துண்டுகளை இட்டுவைத்துச் சொற்கோவை விளையாடலாம். இவற்றுள் எதற்கும் பெரிய செலவில்லை.

அகராதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதி மேசையை விட்டு நகராது, அவ்வளவு கனம். குழந்தைகளுக்கு வேண்டியது கைக்கடக்கமான லிப்கோ அகராதி. (லிட்டில் ஃப்ளவர் கம்பெனி என்பதன் சுருக்கமே லிப்கோ, நம் சகோதரிகளுக்குச் சிறுமலர் தெரேசம்மாள் நினைவு வராமலிருக்குமா!) நால்வருக்கு ஒன்று இருந்தால் வகுப்பு அமைதியாக நடக்கும். ஒன்றே இருந்தால் சண்டைதான்.

அயல்நாட்டுக் கதைகள் நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று சிலர் ஐயுறுகின்றனர். ஒருமுறை, பனிக்காலத்துக்காகக் கொட்டைகளைப் புதைத்து வைக்கும் அணிலின் கதையை வாசித்தோம். ஆண்டு முழுதும் வாய் திறவாத பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், நம்ம செண்பகத்தோப்பு அணில் மரத்து உச்சியிலல்லா கூடு கட்டும்? அது எதுக்கு மண்ணைத் தோண்டுது?" என்றாள். 1988இல் சரணாலயம் கண்ட, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கிய அந்தக் காட்டின் சாம்பல் நிற அணிலைத்தான் சொன்னாள். பனி பெய்யும் ஊருக்கும் நம் ஊருக்கும் உள்ள வேற்றுமையை அன்று முழுதும் பேசினோம். மறுநாள் நம் அணிலைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி வந்தாள். இரண்டு பிழைகள் இருந்தன. நான் சிவப்பு மையைத் தொடவில்லை.

ஆகவே பொருந்தாத நூல் என்று நான் ஒதுக்குவது கதைகளை அன்று. காலாவதியான நோட்ஸ்கள், விடை எழுதி நிரப்பிய பயிற்சி ஏடுகள், கணக்குத் தணிக்கை நூல்கள், பாதியில்லாத கலைக்களஞ்சியம் ஆகியவையே எங்களைத் திணற அடிப்பவை. மறுக்கவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை. ஒரே கதைப் புத்தகத்தில் ஐந்து படிகள் கிடைத்தால் அது பெருஞ்செல்வம். ஐவர் வட்டமாய் அமர்ந்து ஒன்றாக வாசிப்பார்கள்.

அந்தத் தாய்க்கு இன்னும் ஒரு செய்தி. அவர் அனுப்பிய பையில் இருந்த பதினொரு புத்தகங்களில் ஒன்பது இப்போது வெளியே இருக்கின்றன. ஒன்றுக்குப் பேண்டேஜ் துணியால் கட்டுப்போட்டு வெயிலில் காயவைத்திருக்கிறோம். இன்னொன்றில், முன்பு படித்த யாரோ ஒருத்தி பென்சிலால் ஒவ்வொரு கடினச் சொல்லின் மேலும் தமிழில் பொருள் எழுதி வைத்திருக்கிறாள். அதற்குத்தான் எங்கள் வகுப்பில் எப்போதும் வரிசை.